தோற்ற ஆட்டங்களின் கதை

சதுரங்கம் கற்க வரும் பிள்ளைக்கு முதலில் காய்களின் நகர்வைச் சொல்வார்கள். அடுத்து ஆனந்தின் கதையை. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பின்னர் 5 முறை உலகச் சாம்பியன் என்று அக்கதை ஏறுமுகமாகவே செல்லும். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு பலகை விரித்து அமரும் நாங்கள், அதை வேறோர் இடத்தில் தொடங்குகிறோம். 2013 நவம்பர், சென்னை. தாம் வளர்ந்த ஊரிலேயே ஆனந்த் தம் பட்டத்தை மாக்னஸ் கார்ல்சனிடம் இழந்தார். 10 ஆட்டங்களில் 3 தோல்வி. ஒரு வெற்றிகூட இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் அமர்ந்து அதைப் பார்த்தவர்களில் 7 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனே குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனவர்.

கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசை எழும். நிறுத்தினால் அது வெறும் கைதட்டலாகிவிடும். (தன்னம்பிக்கை நூல் பதிப்பாளர்கள் பொறுத்தருள்க.) ஆகவே சிங்கப்பூரின் முதல் ஆட்டத்துக்குத் திரும்புகிறோம். வெள்ளைக் காய்களோடு ஆடியும் குகேஷ் அதில் தோற்றார். 11ஆவது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், 12ஆவதில் மீண்டும் தோற்றார். 14ஆவதும் கடைசியுமான ஆட்டம் சமனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அந்த ஒரு பிழையில் பட்டம் கைமாறியது.

தொடர்ந்து 3 வாரம் தோற்று, இனி வரமாட்டேன் என்றிருந்த சிறுமி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அவரும் மொத ஆட்டமே தோத்தாரா?" என்றாள். பிறகு காய்களை அடுக்கத் தொடங்கினாள். அவளிடம் நாங்கள் அறிவுரை ஏதும் சொல்லவில்லை.

சொல்லியே ஆகவேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. குகேஷின் தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலை ஒதுக்கிவைத்தார். தாயின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. இதை மறைத்தால், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை தன் தேக்கத்தைத் தன் மூளையின் குறை என்றே எண்ணும். இப்பகுதி வரும்போது பெரிய பிள்ளைகள் பேச்சற்றுப் போவார்கள். போட்டிக் கட்டணத்துக்காக நாங்கள் வைத்திருக்கும் உண்டியலைச் சின்னவர்கள் குலுக்கிக் காட்டுவார்கள். அதிலிருப்பது ஒருவரை மதுரைவரை அனுப்பி அழைத்துவரப் போதும்.