பெட்டிக்குள்தான் இருந்தது

ரிச்சி தெருவுக்குள் வரமாட்டேன் என்று ஆட்டோக்காரர் அண்ணா சாலையிலேயே இறக்கிவிட்டார். சிபியுவைத் தோளில் சுமந்து, ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படியில் ஏறினேன். பத்து வருடப் படங்கள் இருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை.

கடைத் தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. ஆன் செய்து, பெட்டியில் காதை வைத்தார். மெல்லிய இரைச்சல் மட்டும். "சுத்துது சார், பவர் வருது. டிக் டிக்னு அடிச்சிருந்தா உடனே ஆஃப் பண்ணியிருப்பேன். அப்படி அடிக்கிறத திரும்பத் திரும்ப ஆன் பண்ணா மிச்ச டேட்டாவும் போயிடும்."

அடுத்து பயாஸ். பட்டியலில் என் டிஸ்க் இல்லை. "இங்கயே இல்லன்னா விண்டோஸ்ல தேடி பிரயோஜனம் இல்ல." நான் தேடியதெல்லாம் அங்கேதான்.

சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. மதர்போர்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "புதுசா ஏதாச்சும் போட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தேன். படம் தேடியது செவ்வாய்க்கிழமை. இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி சிரித்துவிட்டார். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அங்கே எஸ்எஸ்டி உட்கார்ந்தால் இந்த போர்ட் செத்துவிடும். கேபிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினார். டிஸ்க் வந்துவிட்டது.

பக்கத்து மேசையில் ஒரு ஸ்டுடியோக்காரர், புது 4 டிபி டிஸ்க் தெரியவில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பயாஸில் அது இருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'நாட் இனிஷியலைஸ்டு'. புது டிஸ்க் என்றால் அப்படித்தான் இருக்கும். ஜிபிடியைத் தேர்ந்தெடுத்து ("எம்பிஆர் போட்டா 2 டிபிக்கு மேல எடுக்காதுண்ணே"), ஃபார்மட் செய்து, டிரைவ் எழுத்து கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

"படம் இருக்கிற பழைய டிஸ்க்ல இதே மெசேஜ் வந்தா?" என்று கேட்டேன்.

"தொடவே கூடாது சார். ஓகே அமுக்கிட்டு, ஃபார்மட்டும் பண்ணிட்டுத்தான் பாதிப் பேர் இங்க வர்றாங்க."

இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து மதர்போர்டு அட்டைப்பெட்டியை இறக்கினேன். பிரிக்காத உறைக்குள் கையேடு. எந்த போர்ட் வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் அதில் போட்டிருந்தது.