அப்பா பொய் சொல்லவில்லை

ஜனவரி 6

அப்பாவை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். குடியை நிறுத்தின மறுநாளே வந்த கை நடுக்கம், மூன்றாம் நாள் இரவு சுவரோரம் ஆள் நிற்கிறான் என்று போட்ட கூச்சல், எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே அடங்கிவிட்டன. தெருவில் பார்த்தவர்கள் "நல்லாயிட்டாரே" என்கிறார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "சரக்கு உடம்பை விட்டுப் போயிடுச்சும்மா. மூளை தேற மாசக்கணக்காகும்" என்றார்.

வருஷக்கணக்கில் குடிப்பவர்களுக்கு பி1 என்கிற தயமின் சத்து வற்றிப்போகிறது. சோறு சரியாக இறங்காது. இறங்கியதிலும் சத்தைக் குடல் இழுத்துக்கொள்ள சாராயம் விடாது. தயமின் இல்லாமல் மூளையால் சர்க்கரையைச் சக்தியாக மாற்ற முடியாது. அதனால்தான் சேர்த்த அன்று குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போட்டார்கள். அப்போது அப்பாவுக்குக் கண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது, காலை அகட்டி அகட்டித் தள்ளாடினார், பேச்சு குழம்பியது. 1881-இல் ஜெர்மன் டாக்டர் வெர்னிக்கி எழுதிவைத்த அதே அறிகுறிகள். கண் ஆட்டம் நின்றுவிட்டது, நடையும் பரவாயில்லை. ஞாபகம்தான் வரவில்லை.

பொங்கல்

சித்தப்பா வந்திருந்தார். "காலையில எங்கண்ணே போயிருந்தே?" என்று சும்மா கேட்டார். அப்பா தயங்கவே இல்லை. "கும்பகோணம் போயி லைனிங் துணி எடுத்துட்டு வந்தேன். பஸ்ல நிக்க இடமில்ல" என்றார். வாசற்படியைத் தாண்டாத மனுஷர்!

"குடியை விட்டும் பொய்யை விடலியே" என்று சித்தப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

சித்தப்பாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். அப்பாவுக்கு இன்றைய காலைப்பொழுதே மனதில் பதியவில்லை. அந்தக் காலி இடத்தில் மூளை, அவர் தையல் வேலை பார்த்த நாளின் பழைய சங்கதி ஒன்றைத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதை அவர் மனதார நம்புகிறார். ரஷ்ய டாக்டர் கோர்சகோவ் 1887-லேயே இதை விவரித்திருக்கிறார். சித்தப்பா நம்பினாரோ என்னவோ, திரும்பிப் போய் "கரும்பு தின்போம் வாண்ணே" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜனவரி 27

அப்பாவுக்குப் பரீட்சை வைக்கக்கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். "என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டு அவர் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பே பதிந்துவிடுமாம். நாங்களே முந்திக்கொண்டு, "இட்லி சாப்பிட்டாச்சுப்பா, மாத்திரையும் போட்டாச்சு" என்று சொல்லிவிடுகிறோம். காலண்டரில் தேதி கிழிப்பது அவர் வேலை.

எங்கள் வீட்டில் எப்போதும் புழுங்கல் அரிசிதான். நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டின பிறகும் பச்சரிசியைவிட அதில் கூடுதலாகத் தங்கும். தண்ணீரில் கரைகிற சத்து என்பதால் வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டு அப்பாவுக்குக் கொடுக்கிறாள் அம்மா. அதை நம்பி மாத்திரையை நிறுத்த முடியாது.

பிப்ரவரி 18

தையல் மிஷின் உறையை எடுத்துவைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவே வந்து உட்கார்ந்தார். பாபினில் நூல் சுற்றி, கேஸில் போட்டு, ஒரு இழுப்பு இழுத்து இறுக்கம் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் நடுங்கவில்லை. தலையணை உறை ஒன்றுக்கு நாலு பக்கமும் கோணாமல் தைத்து முடித்தார். சற்று நேரத்தில், "நல்ல தையலா இருக்கே, யாரு தச்சது?" என்றார். "நீங்கதாம்பா" என்றேன். கை கற்ற தொழிலை மூளை வேறிடத்தில் பத்திரப்படுத்துகிறது. இனி தினமும் ஏதாவது துணி வெட்டி வைக்க வேண்டும்.

மார்ச் 30

டாக்டரைப் பார்த்தோம். குடியால் சுருங்கின மூளை, குடி நின்ற சில வாரங்களிலேயே கொஞ்சம் மீளத் தொடங்கும்; மற்றது மாதக்கணக்கில் மெதுவாக. ஞாபகம் சிலருக்கு முழுசாகத் திரும்பும், பலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாமலே போகலாம். திரும்பக் குடித்தால் தேறினதும் போய்விடும். "கல்யாண வீட்டுல ஒரு கட்டிங்தானே" என்ற உறவுக்காரரை வாசலோடு அனுப்பிவிட்டேன். நேற்று வைத்த பயறு சுண்டலைப் பற்றி இன்று அப்பாவாகவே பேசினார்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் தினமும் குடிப்பவர் இருந்தால், அவரைப் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பு வந்து உயிரே போகலாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. சேர்க்கிற அன்றே தயமின் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.