1920-க்கு அப்புறம் ஜானகியம்மாள்

டிசம்பர் 22 வந்தாலே கும்பகோணம் பக்கத்து காலேஜ்கள்ல எல்லாம் ஒரே ராமானுஜன் மயம்தான். தேசிய கணித நாள் ஆச்சே! க்விஸ், போஸ்டர், பேச்சுப் போட்டி, நடுவுல எவனாவது ஒருத்தன் '1729 தெரியுமா மச்சி?'ன்னு ஆரம்பிச்சுடுவான்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்னும் இருக்கு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்குது. போறவங்க எல்லாரும் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. நானும் பார்ப்பேன். ஆனா, எனக்கு அந்த வீடுன்னா முதல்ல ஞாபகம் வர்றது, அங்கே மருமகளா வந்த ஒரு சின்னப் பொண்ணு. ஜானகி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

ஜானகி பிறந்தது 1899-ல், குளித்தலை பக்கம் ராஜேந்திரம் கிராமத்தில். கல்யாணம் 1909-ல். அப்போ வயசு பத்து! ராமானுஜனோட மெட்ராஸில் குடித்தனம் ஆரம்பிச்சது 1912-ல். 1914 மார்ச்சில் அவர் கப்பல் ஏறிட்டார். திரும்பி வந்தது அஞ்சு வருஷம் கழிச்சு, 1919 மார்ச்சில், உடம்பு முழுக்க நோயோட. 1920 ஏப்ரல் 26-ல் போயே சேர்ந்துட்டார். கூட்டிப் பாருங்க... சேர்ந்து வாழ்ந்தது ஏறக்குறைய மூணே வருஷம்.

அதில் கடைசி வருஷம் முழுக்க ஜானகிதான் நர்ஸ். கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னைன்னு வீடு மாறிக்கிட்டே இருந்தது. நேரம் தவறாம சாதம், எலுமிச்சை ஜூஸ், மோர். வலி வந்தால் வெந்நீர் ஒத்தடம். இதை எல்லாம் ஜானகியம்மாளே பின்னாளில் சொல்லியிருக்காங்க. அந்த வெந்நீர் போட்ட ரெண்டு பாத்திரங்களையும் பத்திரமா வெச்சிருந்தாங்களாம். அதே வருஷம் ராமானுஜன் எழுதின கணக்குகள்தான் 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டு, உலகத்தையே புரட்டிப் போட்டது. கணக்கு அவருடையது. அதை எழுதத் தெம்பு கொடுத்த மோர் யாருடையது?

சினிமாவோ புத்தகமோ, கதை பெரும்பாலும் 1920-ல் முடிஞ்சிடுது. அப்போ ஜானகிக்கு 21 வயசுதான். அதுக்கப்புறம் 74 வருஷம் வாழ்ந்தாங்க. ராமானுஜனோட மொத்த ஆயுளே 32. அதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல!

அந்த 74 வருஷத்தில் என்ன பண்ணாங்க? பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தப்போ தையல் கத்துக்கிட்டாங்க. 1931-ல் மெட்ராஸ் திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியா ஒரு வாழ்க்கையைத் தொடங்கினாங்க. பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷனும் தையல் மெஷினும்தான் துணை. 1950-ல் ஒரு சிநேகிதி திடீர்னு இறந்துபோக, அவங்க மகனைத் தத்தெடுத்தாங்க. 51 வயசில் அம்மா! அந்தப் பையனைப் படிக்க வெச்சு ஆளாக்கினாங்க. அவர் ஸ்டேட் பேங்க் ஆபீசர் ஆனார். மருமகள், பேரப்பிள்ளைகள்னு வீடு நிறைஞ்சது.

நடுவுல ஒரு விஷயம். 'என் வீட்டுக்காரருக்குச் சிலை வைக்கிறேன்னாங்களே, எங்கே?'ன்னு பத்திரிகையில் கேட்டாங்க ஜானகியம்மாள். அமெரிக்காவில் இருந்த கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி காதில் அது விழுந்தது. பல கணிதக்காரர்கள் காசு போட, சிற்பி பால் கிரான்லண்ட் மார்பளவுச் சிலை செஞ்சார். அதில் ஒண்ணு திருவல்லிக்கேணி வீட்டுக்கே வந்துச்சு. அதிகம் படிக்காத ஒரு பாட்டி கேட்ட கேள்விக்கு, கடல் தாண்டி வந்த பதில்!

1994 ஏப்ரல் 13-ல், 95 வயசில் கண்ணை மூடினாங்க.

இதை எல்லாம் படிக்கும்போது எனக்கு எங்க அப்பாயி ஞாபகம்தான். பாபநாசம் பக்கத்துல கிராமம். குறுவை, சம்பா, தாளடின்னு அவங்க காலண்டரே வேற. விதைநெல்லைக் காயவெச்சு எடுத்து வைக்கிறதுலேர்ந்து, நடவு ஆட்களுக்குச் சோறு ஆக்குறது வரைக்கும் அவங்கதான். ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல ஜாக்கெட் தைப்பாங்க. "கையில தொழில் இருந்தா எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம்டா தம்பி"ம்பாங்க. ஆனா, ரேஷன் கார்டுல அவங்களுக்கு எழுதியிருந்தது 'வீட்டு வேலை'ன்னு ரெண்டே வார்த்தை.

மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்லுது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்குச் செலவழிக்கிறது ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம். ஆண்கள் 88. கால்குலேட்டரை எடுங்க. 289 நிமிஷத்தை 365 ஆல் பெருக்கினா, வருஷத்துக்கு 1,758 மணி நேரம். ஞாயிறு லீவு கிடையாது. தீபாவளி, பொங்கலுக்கு ஓவர்டைம் வேற!

அட்மிஷன் ஃபார்ம்ல 'தாயின் தொழில்'னு ஒரு கோடு இருக்கும். அதில் 'இல்லத்தரசி'ன்னு எழுத நமக்கு ரெண்டு செகண்ட் போதும். ஆனா அந்தக் கோட்டுக்குள்ளே எத்தனை வருஷம் இருக்குன்னு அம்மாகிட்ட கேட்டாத்தான் தெரியும். இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க. ஹாஸ்டல்னா போன் போடுங்க.

விடை ராமானுஜனுக்கே ஆச்சரியமா இருக்கும்!