திரையில் விழாத படம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், சின்னாற்றுக் காட்டைக் கடந்து மலையேறினால் வருவது எங்கள் மறையூர். சந்தனக் காட்டையும் பாறைமேல் நிற்கும் கல்திட்டைகளையும் காண வருவோர் பலர். எனக்கோ மறையூர் என்றதும் ஆலைக்கொட்டகையின் புகைதான் நினைவுக்கு வரும். என் தந்தையார் அங்கே கொப்பரை காய்ச்சுபவர். 2019-ஆம் ஆண்டு மறையூர்ச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "பேரு கிடைச்சா பதம் தானா வந்துருமா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்பில் சக்கையைத் தள்ளினார்.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தேன். நான் படித்த தமிழ்வழிப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், "சர்க்கரை காய்ச்சுவதைப் படம் பிடித்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டேன். அப்பாவையும் அழைத்து வா" என்றார். தட்டமுடியவில்லை. அன்பர்களே, ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளில், விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் 'வணிகம்' என்று எழுதியவன் நான். அந்தக் கடனை அடைக்கும் எண்ணமும் உள்ளூர இருந்தது. நான்கு நாட்கள் கொட்டகையில் நின்று டேப்லட்டில் படம் பிடித்தேன். (பலகைக் கணினி என்று நம் மன்றத்தார் திருத்துவர், எங்கள் ஊரில் அது வெறும் 'டேப்'.)

கேரள அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தின்படி, எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கப்பட்டன. ஆகவே கருவிக்குக் குறைவில்லை. கூரையிலிருந்து இறங்கிய கம்பியின் முனை எச்.டி.எம்.ஐ.; என் டேப்லட்டின் வாயோ யு.எஸ்.பி.-சி. இரண்டையும் இணைக்க உடுமலையில் ஓர் அடாப்டர் வாங்கி வைத்திருந்தேன். மாட்டினேன். திரை நீலமாகவே நின்றது. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் ஒளிர்ந்தது. கழற்றி மாட்டினேன், புரொஜெக்டரில் உள்ளீட்டை மாற்றினேன், டேப்லட்டை அணைத்து எழுப்பினேன். என் செய்வது! நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தையார், சலவை வேட்டியுடன் கதவோரம் நின்றிருந்தார்.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. யு.எஸ்.பி.-சி என்பது வாயின் வடிவத்துக்குப் பெயரேயன்றி அதன் திறனுக்குப் பெயரன்று. அதன் வழியே படம் வெளியேற வேண்டுமானால் 'டிஸ்பிளேபோர்ட் மாற்றுமுறை' என்னும் வசதியை உற்பத்தியாளரே உள்ளே அமைத்திருக்க வேண்டும். மலிவான டேப்லட்டுகள் பலவற்றில் அது இல்லை. அவற்றின் வாய் மின்னேற்றவும் தரவுகளை மாற்றவும் மட்டுமே பயன்படும். நான் வாங்கியதைப் போன்ற அடாப்டர் வருகிற படத்தை மாற்றித் தருமேயொழிய, வராத படத்தை உண்டாக்காது. கம்பியில்லாமல் அனுப்பலாமென்றால், அந்தப் புரொஜெக்டரில் மிராகாஸ்ட் வசதியும் இல்லை.

என் நெற்றி வியர்ப்பதைக் கண்டு தந்தையார் உள்ளே வந்தார். "தம்பி, படம் வரும்போது வரட்டும். நான் சொல்லவா?" என்று கேட்டவர் ஆசிரியரைப் பார்த்து, "சொல்லலாமுங்களா சார்?" என்றார்.

அரைமணி நேரம் பேசினார். சாறு கொதிக்கையில் சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறோம், அழுக்கு எப்படித் திரண்டு மேலே வரும், பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பது எப்படி என்றெல்லாம் சொன்னார். "கண்ணால பாத்தா ஏமாந்துருவோம். விரலுக்குத்தான் தெரியும்" என்றார். வீட்டில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதவர் அவர்!

அதற்குள் நான் மூலையில் மடிக்கணினியோடு போராடினேன். கோப்புகளை அதில் மாற்றியே காட்டியிருக்கலாம். ஆனால் படத்தின்மேல் விரலால் கோடிட்டு விளக்கும் ஆசை என்னை விடவில்லை. அப்பள்ளிக் கணினிகள் லினக்சில் இயங்குபவை. அதற்கு 'எஸ்சிஆர்சிபிஒய்' என்னும் இலவச மென்பொருள் உண்டு. கைப்பேசி இணையத்தில் அதை இறக்கினேன். டேப்லட்டின் அமைப்புகளில் 'பில்ட் எண்' மீது ஏழுமுறை தட்டினால் மறைந்திருக்கும் பட்டியல் ஒன்று திறக்கும் (யார் கண்டுபிடித்த மந்திரமோ!). அதில் யு.எஸ்.பி. பிழைதிருத்தத்தை இயக்கி, மின்னேற்றும் கம்பியாலேயே கணினியுடன் இணைத்தேன். கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே புரொஜெக்டருக்கு. டேப்லட் அப்படியே திரையில் விழுந்தது.

பிள்ளைகள் கைதட்டினர். புகை, கொப்பரை, பலகைத் தொட்டியில் ஆறும் பாகு எல்லாம் ஓடின. பின்னர், சூடு தணியுமுன் சர்க்கரையை உருண்டை பிடிக்கும் கைகள் சுவர் முழுவதும் நிறைந்தன. விரலிடுக்கில் பழைய தீப்புண் தழும்புகள், கறுத்துப் பிளந்த நகம். அத்தனை பெரிதாக அவற்றை நானும் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். தந்தையார் தம் கைகளைத் தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து அவரிடம் போனாள். "தாத்தா, அந்தக் கையைக் காட்டுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை விலக்கினார்.