சத்தம் பார்க்கிறவர்கள்

கோயம்புத்தூர் கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தகரக் கூரை, நான்கு கார் நிற்கும் இடம், அடியில் இறங்கிப் பார்க்க ஒரு குழி. பக்கச் சுவரை ஒட்டி டிங்கரிங் பட்டறை, எதிரே லேத். போர்டில் எழுத்து மங்கிவிட்டது. ஆனாலும் ஊரின் மறுகோடியிலிருந்து கார்கள் வருகின்றன. சிலவற்றை மற்ற மெக்கானிக்குகளே அனுப்பிவைக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாத சத்தத்தை இங்கே பிடித்துக் கொடுப்பார்கள்.

நடத்துகிறவருக்கு அறுபதை நெருங்கும் வயது. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அம்பாசடர் டாக்சிகளின் அடியில் படுத்து வேலை கற்றவர். பையன்கள் அண்ணா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "நில்லுங்க. நான் கேட்டுட்டு இருக்கறப்ப மட்டும் பேச்சுக் குடுக்காதீங்க" என்றார்.

முதலில் வந்தது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். ஓட்டி வந்த இளைஞர் இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "முன்னாடி லெஃப்ட்ல சத்தம் வருதுங்கண்ணா. ஷாக் அப்சர்பர் போயிருச்சுன்னு நெனைக்கறேன்."

"எடம் சொல்லாதீங்க தம்பி, நேரஞ் சொல்லுங்க. எப்ப வருது?"

காலையில் எடுத்தவுடனேயா, சூடான பிறகா? ஓடும்போதா, நின்றிருக்கும்போதுமா? வேகத்தோடு கூடுகிறதா, இன்ஜினை ரேஸ் செய்தால் கூடுகிறதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? வளைவில்? வேகத்தடையில்? மழை நாளில் மட்டுமா? பானெட்டைத் திறக்காமல் அண்ணா இப்படிக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு பதிலும் காரின் பெரும் பகுதியைக் கழித்துவிடுகிறது. கியர் நியூட்ரலில், நிற்கிற வண்டியில், கிளட்ச் பெடலை மிதித்தவுடன் சத்தம் பிறந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்தவுடன் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்ளே போகும் ஷாஃப்ட்டின் பேரிங். ஒரு கேள்விக்கு இரண்டு பதில். செலவில் இரண்டுக்கும் பெரிய தூரம்.

இடத்தை ஏன் நம்புவதில்லை என்று பிறகு விளக்கினார். காரின் உடம்பு முழுக்க ஒன்றோடொன்று வெல்டு செய்த இரும்புத் தகடு. பின் சக்கரத்தில் பிறந்த தட்டல் தரைத் தகடு வழியாக ஓடி முன் சீட்டின் காலடியில் கேட்கும். கதவுத் தூணில் சீட் பெல்ட் கொக்கி மோதுவது பின்பக்கத்துச் சத்தமாகத் தோன்றும். அதனால் டிரையலுக்குப் போகும் முன் டிக்கியைக் காலி செய்வது இங்கே சட்டம். ஜாக்கி, லிவர், தண்ணீர் பாட்டில், கோயிலில் உடைத்த தேங்காய் மூடி, எல்லாம் வெளியே வந்துவிடும். சில கார்களின் வியாதி அத்தோடு தீர்ந்துவிடுவதும் உண்டு.

போனில் பதிவு செய்துகொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அண்ணா மரியாதைக்கு ஒரு தடவை கேட்பார். போனின் மைக் மனிதர் பேசுவதை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அடித்தொண்டை உறுமல் அதில் சரியாக விழாது. "வாயில போட்டுக் காட்டுங்க" என்பார். கோட்டு அணிந்த டாக்டரும் ஜவுளிக்கடை முதலாளியும் தெருவில் நின்று "டொக்… டொக்" என்றும் "உய்ங்" என்றும் சத்தம் போட்டுக் காட்டுவதைப் பார்த்தேன். அதில் தாளம் மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. அண்ணாவுக்கு வேண்டியதும் அதுதான்.

தாளம் ஏன் முக்கியம் என்பது வெள்ளைக் காரில் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி பக்கம் போனபோது புரிந்தது. ஏ.சி. நிறுத்தம், பாட்டு நிறுத்தம், கண்ணாடி இறக்கம். சிறிய காரின் 14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போகிறது. அறுபதில் போனால் நொடிக்கு எட்டு அல்லது ஒன்பது சுற்று. சக்கரத்தோடு சுற்றும் எதில் குறை இருந்தாலும் தாளம் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினில் குறை என்றால் கியர் மாற்றும்போது தாளமும் மாறிவிடும். இந்தக் காரில் கேட்டது தட்டல் இல்லை, வேகத்தோடு ஏறுகிற ஓர் உறுமல். கியரை மாற்றினாலும் மாறவில்லை. காலியான நீட்டத்தில் ஒரு கணம் நியூட்ரலுக்குத் தள்ளினார். உறுமல் அப்படியே இருந்தது. தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் பகுதிக்கு ஏறியபோதும் அதன் சுருதி இறங்கவில்லை. டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறும்போது தானும் மாறியிருக்கும். ஆக, வீல் பேரிங்.

எந்தப் பக்கம்? வண்டியை மெதுவாக இடப்பக்கம் வளைத்தார், உறுமல் கூடியது. வலப்பக்கம் வளைத்தார், அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. பாரம் ஏறும்போது பெரும்பாலும் கெட்ட பேரிங்தான் கத்தும். இளைஞர் சொன்னது இடது முன்புறம். கெட்டிருந்தது வலது முன்புறம். ஷாக் அப்சர்பர் நன்றாக இருந்தது. வேறோர் இடத்தில் வாடிக்கையாளர் சொன்னதையே கேட்டு இரண்டு ஷாக் அப்சர்பரையும் மாற்றியிருப்பார்கள். பணமும் போய், உறுமலும் நின்றிருக்காது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது "டிக் டிக் டிக்" என்று வந்தால் ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போயிருக்கும். குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது மட்டும் கடகடத்தால் முதலில் லிங்க் ராடு, அடுத்து லோயர் ஆர்ம் புஷ். இவை எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு கல். ஓர் அம்மா கொண்டுவந்த கார் ஓடத் தொடங்கியதுமே சக்கரத்தில் இரும்பை அறுப்பதுபோல் கிறீச்சிட்டது. வேறொரு கடையில் பிரேக் பேட் மாற்றியும் நிற்கவில்லை. டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணா சந்து முனை வரை போய் வந்தார், ரிவர்ஸில் வந்தார், பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். தேய்ந்த பேட்டில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு கத்தினால் பிரேக் மிதிக்கும்போது அந்தச் சத்தம் மாற வேண்டும். இது மாறவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகர மறைப்புக்கும் நடுவே சுண்டைக்காய் அளவு ஜல்லி. திருப்புளியால் தகரத்தை நெம்பினார். கல் தரையில் விழுந்தது. எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த அம்மா எவ்வளவு என்று கேட்டார். "டீ காசு குடுங்கம்மா போதும்."

அவர் போன பிறகு, ஏன் சரியான கூலி கேட்கவில்லை என்றேன். "கல்லுக்கு என்னங்க பில்லு போடறது?"

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரிங் மாற்றினால் பேரிங்குக்கும் மாற்றிய கைக்கும் காசு. ஒன்றும் மாற்றத் தேவையில்லை என்று கண்டுபிடித்தால் காசு இல்லை. வேலையில் கடினமான பகுதி எதுவோ அதற்குத்தான் பில் புத்தகத்தில் வரி இல்லை. இந்த முறை மெக்கானிக்கை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். நேர்மையாகக் கேட்டுக் கண்டுபிடிக்கிறவர் நஷ்டப்படுகிறார். குத்துமதிப்பாகப் பார்ட்டை மாற்றிக்கொண்டே போகிறவர் சம்பாதிக்கிறார். பிறகு நாமே, ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று குறைபடுகிறோம். டாக்டர் மருந்து எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொன்னாலும் கட்டணத்தை வைத்துவிட்டுத்தான் எழுகிறோம். அண்ணாவிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. பக்கத்துக் கடையில் சும்மா பார்த்துத் தருவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் காசைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்தான் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் சத்தம் வேறு உலகம். மதியத்துக்கு மேல் ஒரு பழைய டீசல் டாக்சி வந்தது, பெரிய உடம்புக்காரர் இருமுவதுபோல் இடித்துக்கொண்டு. அண்ணா நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார். ஆல்டர்னேட்டரில் வைத்தார், வாட்டர் பம்ப்பில் வைத்தார், மேலே டேப்பட் மூடியில், கீழே ஆயில் சம்ப் ஓரத்தில். ஸ்டெதாஸ்கோப் போன்ற கருவியும் கடையில் தொங்குகிறது. அவர் கை திருப்புளிக்குத்தான் போகிறது.

ஐட்லிங்கில் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் 400தான். டேப்பட் இடைவெளி கூடிப்போனால் அது நொடிக்கு ஆறேழு தரம் தட்டும். கீழே கனெக்டிங் ராடு பேரிங் கெட்டிருந்தால் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் இடிக்க முடியும். டேப்பட் தட்டல் மெலிந்தது, மேலே கேட்பது. ராடு இடிப்பு கனத்தது, வயிற்றில் கேட்பது. உறுதிசெய்ய, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்தார். மூன்றாவதைத் தளர்த்தியதும் இடிப்பு சட்டென்று மெலிந்தது. பாரம் நீங்கினால் அடங்குகிறது என்றால் குறை அங்கேதான். பையனிடம் உடனே திரும்பி, "புது காமன் ரெயில் வண்டில இத செய்யக் கூடாது, தெரியுமில்ல?" என்றார். அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,500 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்கேனர் அங்கேயும் உண்டு, தினமும் உழைக்கிறது. ஆனால் லிங்க் ராடு தளர்ந்ததற்கோ வீல் பேரிங் தேய்ந்ததற்கோ அது எந்த எண்ணையும் காட்டுவதில்லை. சத்தம் கேட்கும் உறுப்பு என்று பெட்ரோல் இன்ஜினில் இருப்பது நாக் சென்சார் ஒன்றுதான். எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் அதிர்வை மட்டும் பிடித்து, பற்றவைக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் பின்னால் தள்ளுவதற்கு உதவும். மற்ற அத்தனை சத்தத்துக்கும் மனிதக் காது வேண்டும்.

அந்தக் காதின் நிலைதான் எனக்குக் கவலை தந்தது. ஒரு காரில் பெல்ட் கீச்சிடுகிறதா என்று பார்த்தபோது, அண்ணா குனிந்து நின்றுவிட்டுப் பையனை அழைத்தார். "கேக்குதா?" "கேக்குதுங்கண்ணா." அவருக்குக் கேட்கவில்லை. பையன் பெல்ட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். கீச்சு நின்று, காய்ந்ததும் திரும்பியது. பெல்ட் தளர்ந்திருந்தால் தண்ணீர் பட்டதும் கூடியிருக்கும். புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று பையன் சொல்ல, அண்ணா தலையசைத்தார்.

இரைச்சல் முதலில் அரிப்பது உயர்ந்த சுருதிகளைத்தான், அதிலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். கிரைண்டர் ஓடும்போதும் தகரத்தில் சுத்தி விழும்போதும் அந்த அளவு எளிதில் வந்துவிடும். அண்ணா டிங்கரிங் பட்டறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாற்பது வருடத்துக்கும் மேல் நின்றிருக்கிறார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்சக்தி உள்ள இடமானால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்காக எழுதப்பட்டது. நான்கு பேர் நிற்கும் இந்தத் தகரக் கூரையின் கீழே காதைப் பற்றிக் கேட்க யாரும் வந்ததில்லை.

காது குறையக் குறைய அவர் கையை வளர்த்துக்கொண்டிருக்கிறார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிப் பையன் சுழற்ற, இவர் காயில் ஸ்பிரிங்கில் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைவதுபோல் நெருநெருக்கும். வெள்ளைக் காரையும் அப்படித்தான் இரண்டாம் முறை உறுதி செய்தார்.

காதில் ஏதாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "காத அடைச்சுட்டா நான் எப்படிங்க வேல பாக்கறது?" டிரையலுக்குப் போகும்போது வேண்டாம், கிரைண்டர் ஓடும் நேரத்துக்கு மட்டும் போதும் என்றேன். அரசு மருத்துவமனையில் காது சோதனை செய்துகொள்ளச் சொன்னேன்.

"பாத்தா சரியாயிருமுங்களா?"

ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. உள்காதில் செத்த மயிர்ச் செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "இவனுக்குப் பத்தொம்பது" என்று பையனைக் காட்டினார். பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்டார். பஞ்சு இரைச்சலைத் தடுக்காது, நுரையால் செய்த அடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கும், தலையில் மாட்டும் உறை சில நூறு ரூபாய் ஆகும் என்றேன். மறுநாள் வாங்க வேண்டிய சாமான் சீட்டு ஸ்டாண்டில் செருகியிருந்தது. வலது முன் வீல் பேரிங், லிங்க் ராடு ஒரு செட், பிரேக் ஆயில் என்று எழுதியிருந்ததற்குக் கீழே பையனைக் கூப்பிட்டு "காதுக்கு மாட்டறது, நாலு" என்று எழுதச் சொன்னார். டிங்கர் பட்டறைக்காரருக்கும் சேர்த்து ஆறு என்று உடனே திருத்தச் சொன்னார்.