டிவி ஸ்டாண்டுக்குக் கீழே மினுக்கும் பெட்டி



பொங்கலுக்கு வந்துபோன பிள்ளைகளில் மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள், "சார், டிவிக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கே, என்ன அது?" என்று. எங்கள் சம்பந்தி அதை கேபிள் பெட்டி என்று நினைத்து ரிமோட்டைத் தேடினார். ஆளுக்கு ஒருமுறை சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த அறிவியல் பீரியடையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள்.

அது ஒரு கணினி. குளியல் சோப்பு டப்பா அளவுதான். பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள், வருகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை என்று எபன் அப்டன் என்பவரும் நண்பர்களும் கவலைப்பட்டு, பிள்ளைகள் கையில் கொடுக்கிற விலையில் ஒன்றைச் செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-இல் 35 டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கதையே போதும், வாங்கிவிடத் தோன்றும். நான் வாங்கியது நான்காவது மாடல். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போனில் சொல்லச் சொல்ல, நான் இங்கே தட்டத் தட்ட, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஓட ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பில் அவனுக்கு நான் ஓம் விதி சொல்லிக்கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது.

இதைத்தான் வீட்டு சர்வர் என்கிறார்கள். "சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர்தானே?" என்று என் வீட்டம்மா கேட்டார். அர்த்தம் அதேதான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர். நம் போன் ஒரு போட்டோவைக் கேட்கும். எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கும் கணினி எடுத்துக் கொடுக்கும். அப்படி எடுத்துக் கொடுக்கும் கணினி நம் வீட்டிலேயே இருந்தால் அது வீட்டு சர்வர். ஒரே நிபந்தனை, இரவும் பகலும் அணைக்காமல் ஓட வேண்டும்.

உடனே கரண்டு பில் பயம் வரும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய மேசைக் கணினி ஒன்று 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம், 60 நாள் ஓடினால் 144 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். இந்தச் சோப்பு டப்பாவுக்குச் சராசரியாக 5 வாட் போதும். அதே 60 நாளுக்கு 7.2 யூனிட். வாசலில் ராத்திரி எரியும் எல்இடி பல்பு அளவு.

ஆனால் நம் மலையில் செலவைவிட, கரண்டு இருக்குமா என்பதுதான் கேள்வி. சித்திரை மாதத்து இடி மழையில் மரம் சாய்ந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாம். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே இந்தக் கணினியைவிட அதிகம் தின்னும். யானைக்குத் தீனி போட்டு எலியைச் சுமக்கச் சொன்ன கதை. அதனால் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வைத்து, 5 வோல்ட்டாக இறக்கித் தரும் சின்ன பலகையோடு இணைத்துவிட்டேன். பெருக்கிப் பாருங்கள், 84 வாட்-மணி. இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், ஆகவே 42 என்று வையுங்கள். கணினி 5 வாட், வைஃபை ரவுட்டர் 7 வாட். நடுவில் வீணாவது போக மூன்று மணி நேரம் தாங்கும். இடி கேட்டால் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் விட்டுவிடுவேன்.

இதையே செய்ய நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மெமரி கார்டை நம்பி எதையும் வைக்காதீர்கள். ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டிருந்தால் அது தேய்ந்துபோகும், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் நின்றுவிடும். என் பொருளெல்லாம் தனி எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருக்கிறது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? முதலில், பாடநூல்கள். 6 முதல் 12 வரை தமிழ்நாடு அரசின் புத்தகங்கள், அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பவை. குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேதமே அதுதான். செம்மேட்டில் சாயங்காலம் ஒரு புத்தகம் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். பள்ளத்துக் கிராமங்களில் இறங்கவே இறங்காது. சனிக்கிழமை செம்மேட்டுக்கு வருகிறவர்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வைஃபையில் இணைந்தால் சில நொடியில் போனில் ஏறிவிடும். இதற்கு இணையமே வேண்டாம். ரவுட்டருக்கு வெளியே ஒரு பைட்டும் போவதில்லை. டவர் செத்துக் கிடந்தாலும் திண்ணையில் புத்தகம் கிடைக்கும்.

இரண்டாவது, தமிழ் விக்கிப்பீடியா முழுவதும். 2003-இல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். (புதுப் படம் இருக்கிறதா என்று கேட்கும் மருமகப்பிள்ளைகளுக்கு: இல்லை. இருக்காது.)

நம் ஊரிலேயே நின்று நம் ஊருக்கே பரிமாறுகிற இந்த யோசனை புதிதல்ல. நம் மலையில் சாமை, தினைக்காக வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை உங்களுக்குத் தெரியும். அவர்கள் 1998-இல் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தார்கள். போன் கம்பி போகாத இடத்துக்கு ரேடியோ அலை, கரண்டு நிற்காமல் இருக்க சோலார். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு அலை உயரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் படித்தார்கள். 2004 சுனாமி அன்று காலை, நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து எச்சரிக்க, ஊர்க்காரர்கள் அந்த மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் சொல்லி, கரையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஊரே பிழைத்தது. சேதி கடல் தாண்டி வந்தாலும், அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது ஊருக்குள் இருந்த ஒலிபெருக்கிதான். இந்தக் கதையை அறிந்த நாளிலிருந்து, சொந்த ஊரில் ஒரு கருவி தயாராக நிற்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். என் கேசட்டுகள்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், 1990-களில் லீவு நாளில் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் ஊர்களுக்கு நடந்து வருவேன். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என்று உங்கள் தாத்தா பாட்டிகளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். மொத்தம் 41 கேசட். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினால் இரண்டரை ஜிபிகூட வரவில்லை. நான்கு வருட அலைச்சல், ஒரு கல்யாண வீடியோவைவிடச் சிறிது!

போன வருடம் நாமக்கல்லில் லாரி ஓட்டும் பழைய மாணவன் ஒருவன் வந்தான். அவனுடைய அப்பாயி 1994-இல் பேசிய கேசட்டைப் போட்டேன். விதைச் சாமையை எப்படிக் காயவைத்து, எதில் கட்டி, எங்கே தொங்கவிடுவது என்று சொல்லிக்கொண்டே வருகிறார். நடுவில் சட்டென்று குரல் மாறுகிறது. "டேய், அந்தப் பெட்டியைத் தொடாதடா, சார் திட்டுவாரு!" தொட்டவன் இவன்தான். அப்போது ஒன்பது வயது. இப்போது நாற்பதாகிறது, மீசையில் நரை. "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றான். ஐந்தாறு முறை போட்டேன். அவனிடம் அப்பாயியின் போட்டோகூட ஒன்றும் இல்லையாம்.

"இதையெல்லாம் யூடியூபில் போட்டால் உலகமே கேட்குமே" என்று பலர் சொல்கிறீர்கள். அதே கேசட்டில் அந்த அம்மா பங்காளிகளோடு நடந்த வரப்புத் தகராறையும் பேர் சொல்லித் திட்டியிருக்கிறார். அவர் பேசியது பேரனுக்குப் பாடம் எடுக்கும் வாத்தியாரிடம். உலகத்திடம் இல்லை. அனுமதி கேட்க இப்போது அவர்களில் பெரும்பாலோர் இல்லை. பீரோவில் பூட்டினால் பூசணம் பிடிக்கும், ஊர் நடுவில் போட்டால் மானம் போகும். அதற்கு நடுவில்தான் திண்ணை இருக்கிறது. வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். சர்வர் வீட்டில் இருப்பதால்தான் யாருக்கு எதைத் திறப்பது என்பது என் கையில் இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் நீங்கள் எப்படிக் கேட்பது? மொபைல் இணைப்பில் நம் வீட்டுக்கென்று தனி இணைய முகவரி கிடைப்பதில்லை. ஒரே கதவு எண்ணில் ஆயிரம் வீடு இருப்பது மாதிரி, வெளியிலிருந்து வருகிற ஆள் என் வாசலைக் கண்டுபிடிக்க முடியாது. டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் உங்களுக்கும் என் பெட்டிக்கும் இடையில் மட்டும் ஒரு ரகசியப் பாதை திறக்கும். துபாயில் இருக்கும் தம்பி மகன் இப்படித்தான் குடும்ப ஆல்பம் பார்க்கிறான். வேண்டுபவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. பெட்டி வீட்டில் இருக்கிறது என்பதாலேயே பொருள் பத்திரம் என்று ஆகிவிடாது. டிஸ்க் ஒன்று செத்தால் எல்லாம் போச்சு. அதனால் ஒரு நகல் எப்போதும் நாமக்கல்லில் மகள் வீட்டில் இருக்கும். போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 200 ஜிபி. இங்கிருக்கும் வேகத்தில், விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தாலும், இணையத்தில் அனுப்ப மூன்றே முக்கால் நாள் ஆகும். டிஸ்க்கை மஞ்சள் பையில் சுற்றி பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு டிஸ்க் மாறி மாறி இறங்கி ஏறுகின்றன. கண்டக்டர் இன்னும் லக்கேஜ் போடவில்லை.

எனக்கு 68 ஆகிறது. எனக்குப் பிறகு யார் என்ற கேள்வி பெட்டியைவிடப் பெரியது. என் மாணவி ஒருத்தியின் மகள் டிப்ளமோ படிக்கிறாள், என்னை "சார் தாத்தா" என்றுதான் கூப்பிடுவாள். மாதம் ஒருமுறை அப்டேட் செய்வது, நகல் எடுப்பது, நின்றுபோனால் எங்கே பார்ப்பது எல்லாம் இப்போது அவள் கையில். போன மாதம் நான் கோயம்புத்தூர் போயிருந்த நாலு நாளும் அவளேதான் பார்த்துக்கொண்டாள். பாஸ்வேர்டுகளும் கட்டளைகளும் ஒரு லாங் சைஸ் நோட்டில், தமிழில், என் கையெழுத்தில் இருக்கின்றன. நோட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் வீட்டம்மாவுக்கும் தெரியும்.

ஆடி 18-க்கு ஓரி விழாவுக்கு வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் பழைய கேசட், போட்டோ எதுவானாலும் எடுத்து வாருங்கள். ஏற்றிக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறேன். அப்படியே ஒரு உதவி. 17-ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா நாற்று நடும் பாட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். உறையில் "குண்டூர் நாடு, மாசி" என்பது மட்டும்தான் இருக்கிறது, பெயர் அழிந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து உங்கள் வீட்டுக் குரலா என்று கேட்டுச் சொல்லுங்கள்.