அணைக்குக் கீழே இருப்பவர்கள்

இங்கினியாகலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கிழக்கில் இருப்பவர்களானால், பெருநாளைக்கு மறுநாள் வான் பிடித்து, சோற்றுப் பார்சலும் பாயுமாகக் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். வெளியூரவர்களானால், கல்லோயா தேசியப் பூங்காவில் படகேறி, யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கவென்று வந்திருப்பீர்கள். அணைக்கட்டின் ஒரு பக்கம் கடல்போல் கிடக்கும் நீரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். மறுபக்கத்துப் பள்ளத்தை யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பள்ளத்தின் வழியே கடற்கரை வரை குடியிருக்கின்றவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

பட்டிப்பளை ஆறு என்றுதான் எங்கள் மூத்தவர்கள் அதனைச் சொல்வார்கள். முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் காலத்தில், 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி மலைகளுக்கிடையில் இந்த மண் அணையைக் கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தால் 770,000 ஏக்கர் அடி நீர் நிற்கும். கணக்கு விளங்காதவர்கள் இப்படி நினைத்துப் பாருங்கள்: 770,000 ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர். கொள்ளளவில் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். விக்டோரியா அணை இதைவிட மிக உயரமானது. ஆனால் அதில் நிற்கும் நீர் இதைவிடக் குறைவு.

மின்சாரத்தில் கதை மாறிவிடும். விக்டோரியாவில் 210 மெகாவோற், இங்கே 11 மெகாவோற் அளவுதான். காரணம், இங்கே மின்சாரத்துக்காகத் தண்ணீர் விடுவதில்லை. வயலுக்கு விடுகின்ற தண்ணீர் போகிற போக்கில் விசையாழியைச் சுற்றிவிட்டுப் போகின்றது. சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம், அக்கரைப்பற்று வயல்களுக்கு அந்த நீர் வேண்டும். கரையோர ஊர்கள் பலவற்றின் குடிநீர்க் குழாய்களுக்கும் அதே திட்டத்தின் கொண்டவட்டவான் குளத்திலிருந்துதான் நீர் வருகின்றது. ஆகவே, அந்தக் கட்டு எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடமல்ல, அடுப்பு எரிகின்ற இடம்.

ஸபா அத்தியாயத்தை நான் வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் ஓரிடத்தில் சிரிப்பார்கள். யெமனின் மஃரிப் அணை உடைந்து, வலமும் இடமும் இருந்த இரு தோட்டங்களும் அழிந்த செய்தி அங்கே வருகின்றது. அந்த அணையை எலிகள் குடைந்தன என்று தப்ஸீர்களில் ஒரு கதை உண்டு. எலியா அணையை உடைத்தது என்று பிள்ளைகளுக்குச் சிரிப்பு. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் எங்களுக்கு இருக்கின்றார். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“மருமகன், நாங்க சம்பளம் எடுத்ததே எலிப் பொந்து தேடித்தான். கட்டுல புல்லு வெட்டுறது வடிவுக்கெண்டா நினைச்சீங்க? பொந்தும் புத்தும் கண்ணுக்குத் தெரியவேணும். வெளிச்சரிவுல ஈரம் கண்டா, அந்தத் தண்ணி தெளிவா வருதா கலங்கி வருதா எண்டு பார்க்கவேணும். தெளிவா வந்தாப் பொறுக்கலாம். கலங்கினா, கட்டு உள்ளுக்குள்ள கரையுது.”

மண் அணையின் மருத்துவம் முழுவதும் இந்த மூன்று நான்கு வசனங்களுக்குள் அடங்கிவிட்டது போல எனக்குத் தோன்றியது. மண் அணை எதுவானாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு மண்ணைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வரும்போதுதான் ஆபத்து. உள்ளே குழாய் போல ஒரு வழி உண்டாகி, அது பெருத்து, ஓர் இரவில் கட்டு போய்விடும். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் உடைந்தபோது 120க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மின்சாரத்துக்காகக் கட்டிய அணையல்ல அது. பண்டைய மன்னர்களின் குளம். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் நீர் வந்தது. மஃரிபும் ஒரே நாளில் போய்விடவில்லை. பலமுறை உடைந்து பலமுறை திருத்தப்பட்ட அணை அது. யானைப் படையோடு மக்காவுக்கு வந்ததாக நாமெல்லாம் படித்த அதே அப்ரஹா, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அதனைத் திருத்தியதைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கின்றான். திருத்துகின்ற கை ஓய்ந்த பிறகுதான் அணை ஓய்ந்தது. எங்கள் நாட்டிலும் 2008இல் உலக வங்கியின் கடனுதவியோடு அணைப் பாதுகாப்புக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. கட்டிய அணைகளைக் காப்பதற்கும் காசு வேண்டும் என்பது கந்தளாய்க்குப் பிறகு இருபது வருடங்கள் கழித்தாவது விளங்கியதே!

இனி, எங்கள் விவசாயிகள் கோபிக்கக்கூடிய ஒரு விடயத்தைச் சொல்லப் போகின்றேன். மாரி மழையில் குளம் நிறைந்து வருகையில் வான்கதவைத் திறந்தால், “பாரு, தண்ணியெல்லாம் கடலுக்குப் போகுது” என்று தேநீர்க் கடையில் வயிறெரிவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. மழை நின்ற பிறகு சிறுபோகத்துக்கு இருப்பது அந்தச் சேமிப்பு மட்டுந்தான். இன்று விட்ட ஓர் அடி நீர், ஆகஸ்டில் எத்தனையோ ஏக்கர் கதிர். ஆனால் நிரம்பி வழியும் குளத்தில் அடுத்த மழைக்கு இடமில்லை. அந்த மழை வந்தால் கதவுகளை முழுதாகத் திறப்பதைத் தவிர பொறியியலாளருக்கு வேறு வழியில்லை. அப்போது நீர் தோளளவில் வரும். முன்கூட்டியே கொஞ்சம் விட்டுவைத்தால் கணுக்காலளவோடு போகும். குளத்தில் இருக்கும் வெற்றிடமும் ஒரு சொத்துத்தான், அதற்கு விலை போட எங்களுக்குத் தெரியவில்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்கள் கூட அடுத்த வருடமே பழைய கதையைத் தொடங்கினார்கள்.

இதில் பிழை மக்களிடம் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நீர் விடும் திகதியும் அறிவிக்கப்படுகின்றன. குளத்தில் எவ்வளவு இடம் விட்டு வைக்கப்படும், ஏன் என்பதையும் அங்கேயே விளக்கினால் விவசாயி கேட்கமாட்டானா? கேட்பான் என்பதற்கு இதே கல்லோயா சாட்சி. 1981 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் காற்பங்கு நீர்தான் இருந்தது. இடதுகரை வாய்க்கால்களில் அப்போதுதான் விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நிலைமையை எடுத்துச் சொன்னதும், மேல்வாய்க்கால்காரர் தமது பங்கில் மிச்சம் பிடித்துக் கடைவாய்க்கால்காரருக்கு விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்களவர், கீழே தமிழ் பேசுவோர். மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் வழக்கில், மேலே உள்ளவர் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு விடவேண்டுமென்ற தீர்ப்பைப் பாடமாக நடத்துகின்ற எனக்கு, அந்தச் செய்தியை முதன்முதலில் வாசித்தபோது உடல் சிலிர்த்தது.

சுற்றுலா போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மின்நிலையத்துக்குக் கீழேயும் பெரிய வாய்க்கால்களிலும் நீர் தெளிந்து, குளிர்ந்து, குளிக்கக் கூப்பிடுவதுபோல் இருக்கும். மேலே யாரோ ஒரு கதவைத் திருகினால் அல்லது இயந்திரத்தை இயக்கினால், முழங்காலளவு நின்ற நீர் சில நிமிடங்களில் மார்புக்கு வந்துவிடும். வானத்தில் மேகம் கூட இராது. பிள்ளைகளை நடுப்பாறையில் ஏற்றிப் படம் எடுக்கும் வாப்பாமாரை நான் கண்டிருக்கின்றேன். படகில் உயிர்காப்பு அங்கி தந்தால், புதுச் சட்டை கசங்கும் என்று மடியில் வைத்திருக்கும் உம்மாமாரையும் கண்டிருக்கின்றேன்.

2024 நவம்பர் 26ஆந் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விடுமுறையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள். அந்த ஜனாஸாக்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அணைக்கும் அதற்கும் முடிச்சுப் போடவும் மாட்டேன். அணைக்குக் கீழே பெய்கின்ற மழையே எங்கள் தாழ்நிலத்தை மூடப் போதுமானது. ஆனால் மேலிருந்து வரும் நீரோ, அயலில் பெய்த மழையோ, கடைசியில் ஓடுவது அதே வீதிக்கு மேலாகத்தான். அந்த வீதியால் இன்று போகலாமா கூடாதா என்பதை யார், எப்போது, யாருக்குச் சொல்வது?

எங்கள் பகுதியில் அது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். வேறொரு வருடத்தில், சம்பந்தப்பட்ட அலுவலகமொன்றிலிருந்து எங்களுக்கு அறிவித்தல் வந்து சேர்ந்தபோது வீதியில் ஏற்கனவே முழங்காலளவு நீர். அதே இரவில் “கட்டு உடைஞ்சிட்டு” என்ற குரல்பதிவு கைத்தொலைபேசிகளில் பறந்து, நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சனம் ஓடியது. உண்மை பிந்தி வந்தது, பொய் முந்தி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் நிருவாகத்தில் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ நீர்ப்பாசன அலுவலகத்துக்கோ பேசி உறுதிப்படுத்தாமல் எதனையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதில்லை. உறுதியானால், தஹஜ்ஜுத் நேரமென்றாலும் வாசிக்காமல் விடுவதுமில்லை. எந்த ஒழுங்கையில் நடக்க இயலாதவர் இருக்கின்றார், யாரிடம் தோணி இருக்கின்றது என்ற பட்டியலொன்றும் அலுவலக அறைச் சுவரில் தொங்குகின்றது.

போன மாரியில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்தோம். ஆற்றோரத்துக் கடைசி ஒழுங்கையில் நாலைந்து வீடுகளுக்குச் சத்தம் எட்டவில்லை. அந்தப் பக்கம் இரவில் நடந்துபோய்க் கதவு தட்டிச் சொல்ல இரண்டு வாலிபர்கள் பெயர் தந்திருக்கின்றார்கள். இன்னும் ஒருவர் வேண்டும்.